ஜேக்கப்ஸ் பட்டறை: பழைய எஞ்சினுக்கு அடையாளம் எழுதித் தருகிறவர்

பழைய கார் எஞ்சினைப் பார்த்து, அது எந்த வகை, எந்தக் காலத்தது, எதெல்லாம் மாற்றப்பட்டிருக்கிறது என்று தாளில் எழுதித் தருகிற ஒரு சின்னப் பட்டறை டர்பனில் ஜேக்கப்ஸ் பக்கம் இருக்கிறது. எங்கள் அப்பா விட்டுப்போன மோரிஸ் மைனர் 1000-இன் எஞ்சினை அங்கே காட்டினேன். அப்புறம் என் சித்தப்பா மகன் வாங்க நினைத்த ஒரு செவ்ரொலே வி8 எஞ்சினுக்கும் அதே ஆளைத்தான் கூட்டிப்போனோம். வேலை சுத்தம், ஆள் நேர்மை, வேகம் மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. பழைய வண்டி வைத்திருக்கும் நம் சனங்கள் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் நிறையப் பேர் இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

தன் பெயரையும் கடை எண்ணையும் இணையத்தில் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதனால் இங்கே அவர் வெறும் அண்ணாதான். எழுபதைத் தாண்டியவர். கூட உம்லாசியிலிருந்து வரும் ஓர் இளைஞர் அளவெடுக்கும் வேலை பார்க்கிறார். கை மிக நிதானமான பையன்.

நாங்கள் போன காரணம் இதுதான். வண்டி நீலப்புகை கக்கியது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தை, கழற்றினார்கள். கழற்றியவர் உள்ளே பார்த்துவிட்டு, "இது 948 சிசி எஞ்சின் இல்லை, 1098. யாரோ பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடலை) மாற்றிவிட்டுப் பழைய எஞ்சின் நம்பர் தகட்டை எடுத்து இதில் அடித்திருக்கிறார்கள். 1098 பிஸ்டன் வாங்க வேண்டும்" என்று சொன்னார். அவர் காட்டிய சாட்சி இரண்டு. ஹெட்டில் வார்த்திருந்த எண் 12ஜி202, அது 1098 எஞ்சினின் ஹெட். சிலிண்டரின் விட்டம் ஏறக்குறைய 64.5 மில்லிமீட்டர், 1098-க்கு இருக்க வேண்டியது 64.58. கேட்டால் சரி என்றுதான் தோன்றும்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது பிஸ்டன் செலவு அல்ல. இந்த நாட்டில் வண்டியின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் நம்பரும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் பதிவு அலுவலகத்தில் சொல்ல வேண்டும், போலீஸ் பார்த்து அனுமதிக்க வேண்டும். தகட்டைப் பெயர்த்து வேறு பிளாக்கில் அடித்திருந்தால் அது சட்டப்படி குற்றம். அப்பா அப்படிச் செய்கிற மனுஷர் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு போல்ட்டைக்கூட முறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பிளாக்கையும் ஹெட்டையும் பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜேக்கப்ஸ் போனோம்.

அண்ணா எஞ்சினைத் தொடுவதற்கு முன் காகிதங்களைக் கேட்டார். பதிவுச் சான்றிதழ், அப்புறம் எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கும் தகட்டின் படம். எங்கள் தகட்டில் எம்-ஏ2எஸ்3 என்று தொடங்கும் எண். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சொன்னார்: எம் என்றால் மோரிஸ், ஏ என்றால் எஞ்சின் அளவின் வகுப்பு, 2எஸ் என்றால் இரண்டு கதவு சலூன், 3 என்பது மூன்றாவது வரிசை. மைனர் 1948-இல் 918 சிசி எஞ்சினோடு வந்தது. 1952-இல் ஏ சீரிஸ் என்ற எஞ்சின் குடும்பம் 803 சிசியாக உள்ளே நுழைந்தது, 1956-இல் 948, 1962-இல் 1098. கடைசியில் வந்த 1098 வண்டிகளின் தகட்டில் 3 இருக்கும் இடத்தில் 5 இருக்கும். ஆக எங்கள் வண்டி பிறந்தது 948 எஞ்சினோடு. இதைச் சொல்ல அவருக்கு எஞ்சினே தேவைப்படவில்லை.

பிறகு பிளாக்கின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே ரிவெட் அடித்திருக்கும் எஞ்சின் நம்பர் தகடு. ஐம்பது அறுபது வருஷத்து எண்ணெய்க் கறை அதன் மேல். பாரஃபினில் (மண்ணெண்ணெயில்) நனைத்த பல்துலக்கும் பிரஷ், அப்புறம் மெல்லிய பித்தளை பிரஷ். கிரைண்டரில் கம்பி பிரஷ் பூட்டித் தேய்ப்பதை அவர் தன் பட்டறையில் அனுமதிப்பதில்லை. மெல்லிசாக அடித்த எழுத்து அதில் ஒரே நிமிஷத்தில் போய்விடும் என்றார். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் எழுத்துகள் நிழலோடு எழுந்து நின்றன: 9எம்-யு-ஹெச், பிறகு எண். 9எம் என்றால் மைனருக்கான 948. யு என்றால் தரையில் நடுவே கியர் கம்பி. ஹெச் என்றால் அதிக அழுத்த விகிதம், எல் என்று இருந்தால் குறைந்த அழுத்தம். எண் சான்றிதழோடு ஒத்துப்போனது.

மற்ற இடங்களில் இத்தோடு முடித்துவிடுவார்கள், அல்லது ஹெட்டைப் பார்த்ததும் முடித்துவிடுவார்கள். அண்ணா இங்கேதான் வேலையைத் தொடங்கினார்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் உதவும். எஞ்சினில் இரண்டு வகை எழுத்துகள் இருக்கும். உயர்ந்து நிற்பவை வார்ப்பு எண்கள், அச்சிலேயே இருந்து உலோகத்தோடு சேர்ந்து வந்தவை. அந்த அச்சில் வந்த எல்லாப் பாகத்திலும் அதே எண்தான் இருக்கும், உங்கள் எஞ்சினுக்கென்று தனியாக எதுவும் சொல்லாது. பள்ளமாக இருப்பவை பிறகு அடித்த முத்திரைகள். அவைதான் இந்த ஒரு எஞ்சினுக்கு உரியவை, ஆனால் அழிக்கவும் முடியும், திரும்ப அடிக்கவும் முடியும். தகடோ ரிவெட்டை எடுத்தால் கையோடு வந்துவிடும். "தங்கச்சி, ஹெட்டை ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். ஹெட் நம்பரைப் பார்த்து பிளாக்குக்குப் பெயர் வைக்கக் கூடாது" என்றார்.

12ஜி202 என்பது 1098-இன் ஹெட் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது 948 பிளாக்கில் அப்படியே உட்காரும், மூச்சு கொஞ்சம் தாராளமாக வாங்கும் என்பதால் அந்தக் காலத்தில் நிறையப் பேர் செய்த மாற்றம். ஏ சீரிஸில் எல்லா ஹெட்டும் அப்படி இல்லை. 1275 எஞ்சினின் 12ஜி940 ஹெட்டைச் சின்ன பிளாக்கில் வைத்தால் அதன் பெரிய எக்ஸாஸ்ட் வால்வுகள் பிளாக்கின் மேற்பரப்பில் இடிக்கும், பிளாக்கில் வால்வுக்கு இடம் குடைந்தாக வேண்டும். பழைய சாமான் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை, கவனம்.

அடுத்து விட்டம். அந்த இளைஞர் சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை எடுத்து, நான் எதிர்பார்த்தது போல் மேலே அளக்காமல், சிலிண்டரின் அடியில், பிஸ்டன் வளையங்கள் வந்து தொடாத இடத்தில் அளந்தார். மேலே தேய்மானம் இருக்கும், அங்கே எடுக்கிற அளவு எஞ்சினின் வயதைத்தான் சொல்லும், பிறப்பைச் சொல்லாது. அடியில் கிடைத்தது 64.46. இருக்க வேண்டியது 948-க்கு 62.94, 1098-க்கு 64.58. 64.58-க்கும் கிடைத்த அளவுக்கும் வித்தியாசம் மிகச் சின்னது, ஆனால் தேயாத இடத்தில் ஒரு சிலிண்டர் உற்பத்தி அளவைவிடச் சிறியதாக இருக்க வழியில்லை. அண்ணா தாளில் கணக்குப் போட்டார்: 62.94-ஓடு ஆயிரத்தில் அறுபது அங்குலம், அதாவது 1.52 மில்லிமீட்டர் கூட்டினால் 64.46. பிஸ்டன் தலையில் கெட்டியாகப் பிடித்திருந்த கரியை மரக்கட்டைத் துண்டால் சுரண்டி, துணியால் துடைத்தார். கரிக்கு அடியில் 060 என்று முத்திரை. யாரோ எப்போதோ இந்த எஞ்சினை அறுபது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ) போர் செய்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். முதல் பட்டறையில் அந்தக் கரியைத் துடைத்திருந்தாலே விஷயம் முடிந்திருக்கும்.

அவருக்கு அதுவும் போதவில்லை. கடைசிச் சாட்சி ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை போகும் தூரம். பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்கைக் கையால் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் ஆழமானியை வைத்து ஒரு அளவு, அடிக்குப் போனதும் ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 76.2 மில்லிமீட்டர், சரியாக மூன்று அங்குலம். 1098-ஆக இருந்தால் 83.72 வந்திருக்க வேண்டும். ஏழரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்தத் தேய்மானமும் மறைக்க முடியாது. ஏ சீரிஸ் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: 998 எஞ்சினுக்கும் ஸ்ட்ரோக் 76.2, விட்டம் 64.58 ஆயிற்றே? நானும் வீட்டில் படித்துவிட்டுப் போய் அதைக் கேட்டேன். 998 என்பது மினிக்காகக் குறுக்கே வைத்த எஞ்சின், கியர்பாக்ஸ் அதன் அடியிலேயே சம்பில் (எண்ணெய்த் தொட்டியில்) இருக்கும். அந்த பிளாக்கின் அடிப்பாகமும் பின்பாகமும் வேறு, மைனரின் கியர்பாக்ஸ் அதில் நேராகப் பொருந்தாது. பிளாக்கைப் புரட்டிக் காட்டினார்.

இப்படியாக எங்கள் பிளாக் 948 தான், இப்போது கணக்குக்கு 995 சிசி அளவில் இருக்கிறது. 1098 பிஸ்டன் வாங்கியிருந்தால் எங்கள் கிராங்கோடு சேர்ந்திருக்காது. ஏற்கெனவே அறுபது போய்விட்டதால் இனிமேல் போர் செய்யச் சுவரில் சதை இல்லை, லைனர் (சிலிண்டருக்குள் பொருத்தும் புதுக் குழாய்) இறக்கி 62.94-க்கே திரும்பிக் கொண்டுவரச் சொன்னார். லைனர் வேலையை அவர் செய்வதில்லை. அதற்கு வேறு இடம் சொன்னார், அங்கே போகச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை.

அவர் எழுதித் தந்த தாள்தான் இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே பக்கம், மூன்று பாகம். உறுதியானவை: பிளாக் வகை, ஸ்ட்ரோக், போர் செய்த அளவு, ஹெட் எண். அநேகமாக இப்படி இருக்கலாம் என்பவை: தகடு இந்த பிளாக்கிலேயே இருந்து வந்தது, ரிவெட்டுகளும் தகட்டைச் சுற்றியிருந்த பழைய பச்சைப் பெயிண்ட்டும் கலைந்த அடையாளம் இல்லை. சொல்ல முடியாதவை: இந்த எஞ்சின்தான் தொழிற்சாலையில் இந்த வண்டியில் ஏறியதா என்பது.

மூன்றாவது வரியைப் பார்த்து எனக்கு மனசு கொஞ்சம் வாடியது உண்மைதான். "அண்ணா, நம்பர் சான்றிதழோடு ஒத்துப்போகிறதே, ஒரிஜினல் என்று எழுதக் கூடாதா?" என்று கேட்டேன். சான்றிதழ் இங்கே பதிவானபோது இருந்ததைத்தான் சொல்லும், தொழிற்சாலைப் புத்தகம் என்ன சொல்கிறதோ அதைப் பார்க்காமல் அந்தச் சொல்லை எழுத மாட்டேன் என்றார். இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினால், பழைய உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்து எஞ்சின் எண், கட்டிய தேதி, நிறம் எல்லாம் போட்டுச் சான்றிதழ் தருவார்கள், காசு கட்ட வேண்டும். பாகங்களாகக் கப்பலேறி இன்னொரு நாட்டில் பூட்டப்பட்ட வண்டிகளுக்கு விவரம் குறைவாக இருக்கும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். விற்பதற்கு வசதியான சொல்லை எழுதிக் கேட்கிறவர்களுக்கு இந்த மனுஷர் ஒத்துவர மாட்டார். எனக்கு அதனாலேயே அவர் மேல் மதிப்பு.

செவ்ரொலே கதை இன்னும் சுருக்கம், ஆனால் அதில் போகவிருந்த பணம் பெரியது. தம்பிக்கு ஒருவர் ஒரு வி8 எஞ்சினைக் காட்டி, கான் ஆம் காரிலிருந்து இறக்கிய 302 (கன அங்குலத்தில் எஞ்சின் அளவு) என்று விலை சொன்னார். இந்த நாட்டில் கார் பைத்தியம் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டாம்: பேசில் வான் ரூயனின் முயற்சியில் 1973-இல் வந்த செவ்ரொலே ஃபிரென்சா கான் ஆம், பந்தய விதிக்காக நூறே நூறு வண்டிகள், உள்ளே அமெரிக்காவின் இசட்28 காமரோவின் ஐந்து லிட்டர் 302. அந்த எஞ்சின் என்றால் விலை எங்கேயோ போகும்.

விற்றவர் காட்டியது பிளாக்கின் பின்பக்கம், கிளட்ச் கூடு பூட்டும் விளிம்பில் இருந்த வார்ப்பு எண், 3970010. இணையத்தில் தேடினால் அந்த எண்ணுக்கு நேரே 302 என்று வருகிறது, அது பொய்யில்லை. ஆனால் அதே எண்ணில் 350-யும் வந்திருக்கிறது, 1969-இல் தொடங்கிப் பத்து வருஷத்துக்கும் மேல் லட்சக்கணக்கில். வார்த்த தேதி சி 8 9 என்று இருந்தது. செவ்ரொலே தேதியில் எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர், பிறகு நாள், கடைசியில் வருஷத்தின் ஒற்றை இலக்கம். ஆக மார்ச் 8, ஆனால் 1969-ஆ 1979-ஆ? ஒற்றை இலக்கம் அதைச் சொல்லாது. விற்றவர் 69 என்று அடித்துச் சொன்னார்.

இதைத் தீர்க்க வேண்டியது முத்திரை. பிளாக்கின் முன்பக்கம் வலது ஹெட்டுக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டை இடம் உண்டு. தொழிற்சாலை எழுத்து, தேதி, கடைசியில் எந்த வண்டிக்கான எஞ்சின் என்று காட்டும் எழுத்துகள் அங்கேதான் அடிக்கப்படும். 1969-இன் 302-க்கு அது டிஇசட். விற்றவர் காட்டிய எஞ்சினில் அந்த இடம் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. பிளாக்கின் மேற்பரப்பைச் சீவிச் சமப்படுத்தும்போது அந்தத் தட்டையும் சேர்ந்து சீவப்படும், முத்திரை போய்விடும், அது திருட்டு என்று அர்த்தமில்லை என்று அண்ணா சொன்னார். அதே நேரம், சீவிய இடத்தில் புதிதாக டிஇசட் அடித்து விற்கிறவர்களும் உண்டு. தொழிற்சாலையில் அந்தப் பரப்பைச் சீவிய கோடுகள் முன்னிருந்து பின்னாக ஓடும், அந்தக் கோடுகள் இல்லாத பரப்பில் முத்திரை மட்டும் தெளிவாக இருந்தால் காசை எடுக்காதீர்கள் என்றார்.

பிறகு என்ன, அதே ஸ்ட்ரோக்தான். 302-க்கும் 350-க்கும் விட்டம் ஒன்றே, நான்கு அங்குலம். ஸ்ட்ரோக் 302-க்கு மூன்று அங்குலம், 350-க்கு 3.48. ஹெட்டைக் கழற்ற விற்றவர் சம்மதிக்கவில்லை. அண்ணா ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, தம்பியை கிராங்கை மெதுவாகச் சுற்றச் சொன்னார். துளை சாய்வாக இருப்பதால் துல்லியமான அளவு வராது, ஆனால் 76-ஆ 88-ஆ என்று பிரிக்க அது போதும். 88 பக்கம்தான் வந்தது. தம்பி 350-க்கு உரிய விலையைச் சொன்னான், விற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை, நாங்கள் வந்துவிட்டோம்.

வரும் வழியில் ஃபோர்டு பற்றியும் அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன், கார்ட்டினா வைத்திருப்பவர்களில் அமெரிக்க வி8 ஏற்றியவர்கள் இருப்பார்கள். சி5ஏஇ-6015 போன்ற ஃபோர்டு வார்ப்பு எண்ணில் சி என்றால் அறுபதுகள், டி என்றால் எழுபதுகள், அடுத்த இலக்கம் வருஷம், 6015 என்றால் பிளாக். ஆனால் அந்த வருஷம் வடிவமைத்த வருஷம், வார்த்த வருஷம் இல்லை. வார்த்த தேதி தனியாக இருக்கும், அதில் மாத எழுத்துகளில் ஐ கிடையாது. அதனால் ஜே என்ற எழுத்து செவ்ரொலேயில் அக்டோபர், ஃபோர்டில் செப்டம்பர். இரண்டு பட்டியலையும் குழப்பிக்கொண்டு தேதி சொல்கிறவர்கள் ஏராளம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தொலைபேசியை எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். ரொக்கம் மட்டும். மைனருக்கு 850 ராண்ட் வாங்கினார், வெளியே வந்து வி8 பார்த்ததற்குக் கொஞ்சம் கூட. எனக்கு அது நியாயமாகப் பட்டது. தாள் பென்சிலில், ஆங்கிலத்தில், கையெழுத்து வாசிக்கச் சிரமம். படங்கள் சேர்த்துத் தர மாட்டார், நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். பொருளை விட்டுவிட்டு வந்தால் எப்போது முடியும் என்று தேதி சொல்ல மாட்டார். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையில் ஓயாமல் ஓடுவதால் காலையில் டிரெய்லரைத் திருப்பவே முடியாது, மதியத்துக்கு மேல் போங்கள். டொயோட்டா 3கே மாதிரி பிளாக்கின் பக்கத்திலேயே பெயரை வார்த்து வைத்திருக்கும் எஞ்சின்களுக்கு இவரைத் தேடிப் போக வேண்டியதில்லை, நீங்களே துடைத்துப் படித்துக்கொள்ளலாம்.

எண்ணே இல்லாத பிளாக்கில் எண் அடித்துத் தரச் சொல்லி யாரும் அவரிடம் போக வேண்டாம். நாங்கள் இருந்தபோதே ஒருவர் அப்படிக் கேட்டு வந்தார். அண்ணா கோபப்படவில்லை. போலீஸின் வாகன அடையாளப் பிரிவுக்குப் போய் முறைப்படி கேட்கச் சொல்லிவிட்டு, வேலையைத் தொடர்ந்தார்.

போகிறவர்கள் பதிவுச் சான்றிதழையும், பின்சுவர்த் தகட்டின் படத்தையும் எடுத்துப் போங்கள். முடிந்தால் ஹெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு போங்கள், ஸ்ட்ரோக்கைச் சரியாக அளக்கலாம். எஞ்சினைக் கழுவிவிட்டுப் போக வேண்டாம், பெயிண்ட் அடித்துவிட்டு நிச்சயமாகப் போக வேண்டாம். பழைய பெயிண்ட்டும் அழுக்கும் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதையும் அவர் பார்ப்பார்.